ஆட்டக் களத்திற்கும் வீட்டுத் திரைக்கும் இடையே



ஒரு பெருநகரம், அந்நகரத்தின் பெயரைத் தாங்கிய ஓர் ஆட்டக்குழு. அக்குழு ஆடும் நாள்களிலெல்லாம் பல்லாயிரம் மக்கள் அரங்கில் கூடி ஆரவாரிக்கின்றனர். படக்கருவிகள் ஆட்டத்தைப் பதிவு செய்கின்றன, வருணனையாளர் பேசுகிறார், ஒளிபரப்பும் தங்குதடையின்றி நடைபெறுகிறது. ஆயினும் அந்நகர்ப்புறத்து வீடுகளில் ஏறத்தாழப் பத்தில் ஏழு வீடுகளுக்கு அந்த ஆட்டம் போய்ச் சேரவில்லை. கருவிகளில் பழுது ஏதும் இல்லை. அரசாங்கம் தடை விதிக்கவுமில்லை. மக்களுக்கு ஆவல் குறைந்துவிடவும் இல்லை. மாதம் ஒன்றுக்கு, வீடு ஒன்றுக்கு எத்தனை டாலர் என்பதில் இரு தரப்பாருக்கு இடையே உடன்பாடு ஏற்படவில்லை, காரணம் அவ்வளவே. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் 2014ஆம் ஆண்டு தொடங்கிய இந்நிலை 2020ஆம் ஆண்டு வரை நீடித்தது.

வட்டார விளையாட்டு அலைவரிசைகளுக்கும், அவற்றை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனங்களுக்கும் இடையே அமெரிக்காவில் நிகழ்ந்துவந்த கட்டணச் சச்சரவுகளைப் பற்றியே இன்று நான் பேச விரும்புகிறேன். அயல்நாட்டு வணிகர்களின் வழக்கு நமக்கு எதற்கு என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். விலை என்பது எவ்வாறு உருவாகிறது, பேரம் என்பது எங்கே முறிகிறது, பேரத்தில் கலந்துகொள்ளாத மூன்றாமவர் ஏன் அதன் சுமையைத் தாங்குகிறார் என்னும் பொருளாதாரப் பாடங்களை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எளிதில் கிடைப்பதில்லை. ஆகையால்தான் இதனைத் தேர்ந்துகொண்டேன்.

முதலில் இந்த வழக்கில் தொடர்புடையவர் யார் யார் என்று பார்ப்போம். நால்வர் இருக்கின்றனர். முதலாமவர் ஆட்டக்குழுவின் உடைமையாளர். ஆட்டத்தைப் படமெடுத்து ஒளிபரப்பும் உரிமை அவருடையது. இரண்டாமவர் அந்த உரிமையை விலைகொடுத்து வாங்கி, ஓர் அலைவரிசையை நடத்துபவர். அந்த அலைவரிசை நாடு முழுவதற்கும் உரியதன்று. ஒரு நகரத்திற்கும் அதனைச் சூழ்ந்த வட்டாரத்திற்கும் மட்டுமே உரியது. மூன்றாமவர் கம்பி வழியாகவோ செயற்கைக்கோள் வழியாகவோ பல அலைவரிசைகளைத் தொகுத்து வீடுகளுக்கு வழங்கும் விநியோக நிறுவனத்தார். நான்காமவர் மாதந்தோறும் சந்தா செலுத்தும் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் செலுத்தும் சந்தா முழுவதும் விநியோக நிறுவனத்தின் கைக்கே செல்கிறது. அதிலிருந்து ஒவ்வோர் அலைவரிசைக்கும், வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அந்நிறுவனம் மாதந்தோறும் கொடுக்கிறது. இத்தொகையை நாம் இப்பேச்சில் ‘சந்தாப் பங்கு’ என்று குறிப்பிடுவோம். இந்தச் சந்தாப் பங்கு எவ்வளவு என்பதைக் குறித்து எழுவதே நான் சொல்லவந்த சச்சரவு. பங்கு உயர்ந்தால் அலைவரிசைக்கு ஆதாயம். தாழ்ந்தால் விநியோக நிறுவனத்திற்கு ஆதாயம். ஒப்பந்தக் காலம் முடிந்து புதிய ஒப்பந்தம் ஏற்படாவிடின், அலைவரிசை அந்நிறுவனத்தின் தொகுப்பிலிருந்து மறைந்துவிடுகிறது. வீட்டுக்காரரின் திரையில் அப்போது தெரிவது ஓர் அறிவிப்பு மட்டுமே.

இந்த அமைப்பு எவ்வாறு தோன்றியது என்பதையும் சுருக்கமாகக் கூறுகிறேன். 1940களின் இறுதியில், பென்சில்வேனியா, ஆரிகன் முதலிய மாநிலங்களில் மலைகள் மறைத்த சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி அலைகள் எட்டவில்லை. உயரமான இடத்தில் ஒரு வாங்கியை நிறுத்தி, அதிலிருந்து கம்பி இழுத்து வீடுகளுக்குக் கொடுத்தனர் சிலர். அதுவே கேபிள் தொழிலின் தொடக்கம். அந்நாளில் அலைவரிசைகளுக்குப் பணம் கொடுக்கும் பேச்சே இல்லை. வானில் இலவசமாக வருவதைக் கம்பியில் ஏற்றிக் கொடுத்தனர், அவ்வளவே. பின்னர்க் கேபிளுக்கென்றே தனி அலைவரிசைகள் தோன்றின. நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தின் ஆட்டங்களை 1969ஆம் ஆண்டு முதல் கேபிள் வழியே வழங்கத் தொடங்கியதை, வட்டார விளையாட்டு அலைவரிசைகளின் முன்னோடி என்று கூறுவர். 1979ஆம் ஆண்டில் ஈ.எஸ்.பி.என். என்னும் விளையாட்டு அலைவரிசை நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. 1980களிலும் 90களிலும் பெருநகரம் ஒவ்வொன்றிலும் வட்டார அலைவரிசைகள் வேரூன்றின.

வட்டார அலைவரிசைக்கு அவ்வளவு மதிப்பு எதனால் வந்தது? அமெரிக்கப் பேஸ்பால் குழு ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றுட் சிலவே நாடு முழுவதும் ஒளிபரப்பாகின்றன. எஞ்சிய பெரும்பகுதி நெடுங்காலம் வட்டார அலைவரிசையில் மட்டுமே வந்தது. கோடை மாலைகளில் அன்றாடம் ஆட்டம் பார்ப்பது அந்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் பழக்கமாகிவிட்ட ஒன்று. திரைப்படத்தை நாளை பார்க்கலாம். நாடகத்தை அடுத்த மாதம் பார்க்கலாம். ஆட்டத்தையோ நடக்கும்போதே பார்த்தாக வேண்டும். முடிவு தெரிந்த ஆட்டம் ஆறிய சோறு. மேலும், தன் ஊர்க் குழுவின் ஆட்டத்திற்கு வேறோர் ஊர்க் குழுவின் ஆட்டம் ஈடாகாது. மாற்றுப் பொருள் இல்லாத சரக்கை வைத்திருப்பவர் துணிந்து விலை சொல்வது வணிக இயல்பன்றோ?

இனி, இச்சச்சரவின் உயிர்நிலையான கணக்கிற்கு வருவோம். விளக்கத்திற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் ஒரு நிறுவனத்திற்கு 10 லட்சம் சந்தாதாரர் உள்ளனர் என்று கொள்ளுங்கள். விளையாட்டு அலைவரிசை வீட்டுக்கு மாதம் 4 டாலர் கேட்கிறது. அடிப்படைத் தொகுப்பில் அதனைச் சேர்த்துவிட்டால், 10 லட்சம் வீடுகளிலிருந்தும் மாதம் 40 லட்சம் டாலர் வசூலாகும். ஆனால் அவ்வீடுகளுள் 2 லட்சம் வீடுகளே ஆட்டத்தை விடாது பார்ப்பவை. பார்ப்பவர் மட்டும் பணம் கொடுக்கட்டும் என்று பிரித்துவிட்டால், அதே 40 லட்சம் டாலரைத் திரட்ட அவர்கள் ஒவ்வொருவரும் மாதம் 20 டாலர் கொடுக்கவேண்டும். அந்த விலைக்கு அவர்களுட் பலர் பின்வாங்குவர். பின்வாங்கினால் எஞ்சியோரின் சுமை இன்னும் ஏறும். ஆகவே, அலைவரிசைக்காரர் தம் அலைவரிசை அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கவேண்டும் என்று வற்புறுத்துகின்றனர். ஆட்டத்தை ஒரு நாளும் பாராத 8 லட்சம் வீட்டாருக்கு நாங்கள் ஏன் விலையேற்ற வேண்டும் என்று விநியோக நிறுவனத்தார் கேட்கின்றனர். இரண்டு வாதங்களிலும் பொருள் இருக்கிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கணக்கை விட்டு வரலாற்றிற்கு வருவோம். நியூயார்க் நகரத்தின் யாங்கீஸ் என்னும் பேஸ்பால் குழு, 1988ஆம் ஆண்டில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அலைவரிசையோடு 12 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 48.6 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்நாளில் அது வியப்பூட்டும் தொகை. பின்னர், பிறருக்கு உரிமையை விற்பதைக் காட்டிலும் நாமே கடை வைத்தால் என்ன என்று அக்குழுவினர் எண்ணினர். 2002ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ‘யெஸ்’ என்னும் சொந்த அலைவரிசை தோன்றியது. வீட்டுக்கு மாதம் ஏறத்தாழ 2 டாலர் என்று அது விலை கூறியது. நியூயார்க் வட்டாரத்தில் சுமார் 30 லட்சம் சந்தாதாரரைக் கொண்டிருந்த கேபிள்விஷன் நிறுவனம், விரும்புவோருக்கு மட்டும் தனிக் கட்டணத்தில் தருவோம் என்றது. அனைவருக்கும் தரவேண்டும் என்றது யெஸ். இதில் இன்னுமொரு சிக்கலும் இருந்தது. யாங்கீஸ் ஆட்டங்களை இழந்த மேடிசன் ஸ்கொயர் கார்டன் அலைவரிசை கேபிள்விஷனின் சொந்த உடைமை. வாசற்காவலனே எதிர்க்கடை வைத்திருந்தால், புதுக்கடைக்குப் போகும் சரக்கு வாசலில் எவ்வாறு வரவேற்கப்படும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

2002ஆம் ஆண்டுப் பருவம் முழுவதையும் அந்த 30 லட்சம் வீடுகள் இழந்தன. வழக்கு நீதிமன்றம் சென்றது. நகர மேயரும் மாநிலத் தலைமை வழக்கறிஞரும் தலையிட்டுப் பேசினர். 2003ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கும் தறுவாயில் ஓராண்டுக்குத் தற்காலிக உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. விரும்புவோர் மாதம் 1.95 டாலர் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். 2004ஆம் ஆண்டில் நடுவர் குழு யெஸ் அலைவரிசையைப் பரந்த அடிப்படைத் தொகுப்பிலேயே சேர்க்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அடுத்தது, தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட லாஸ் ஏஞ்சலிஸ் நகரம். அந்நகரத்தின் டாட்ஜர்ஸ் குழுவை 2012ஆம் ஆண்டில் ஒரு முதலீட்டுக் கூட்டத்தார் 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினர். 2013ஆம் ஆண்டில் அக்குழு டைம் வார்னர் கேபிள் நிறுவனத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. அதன் மதிப்பு 835 கோடி டாலர் என்று செய்தித்தாள்கள் வெளியிட்டன. அவ்வளவு பெரிய தொகையை எங்கிருந்தேனும் திரட்டியாக வேண்டும். 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய ‘ஸ்போர்ட்ஸ்நெட் எல்.ஏ.’ என்னும் அலைவரிசைக்கு வீட்டுக்கு மாதம் 4 டாலருக்கு மேல் கேட்கப்பட்டதாகத் தெரிகிறது. டைரக்ட் டிவி, டிஷ், காக்ஸ் முதலிய பிற நிறுவனங்கள் ஏற்க மறுத்துவிட்டன.

இங்கே நான் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வின் ஸ்கல்லி என்னும் வருணனையாளர் 1950ஆம் ஆண்டு முதல் டாட்ஜர்ஸ் குழுவின் ஆட்டங்களை விவரித்துவந்தார். குழு புரூக்ளின் நகர்ப்பகுதியை விட்டு 1958ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிசுக்கு வந்தபோது அவரும் உடன் வந்தார். அரங்கத்திலேயே அமர்ந்து ஆட்டத்தைக் கண்ணால் காண்பவர்கள்கூட, கையோடு சிறு டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகளைக் கொண்டுவந்து அவருடைய குரலைக் கேட்டுக்கொண்டே பார்த்தனர் என்றால், அவர் பெற்றிருந்த இடத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். தந்தையும் மகனும் பேரனுமாக மூன்று தலைமுறையினர் கேட்டு வளர்ந்த குரல் அது. 67 பருவங்கள் பணியாற்றி 2016ஆம் ஆண்டில் அவர் ஓய்வுபெற்றார். அப்பணியின் இறுதி மூன்று பருவங்களில்தான் அந்நகரத்தின் பெரும்பாலான வீடுகளில் அவருடைய ஒளிபரப்பு கிடைக்காமற் போயிற்று. ஆட்டத்தின் முதல் மூன்று பகுதிகளில் அவருடைய வருணனை வானொலியிலும் வந்தது. தொலைக்காட்சி கைவிட்டவர்களுக்கு வானொலியே துணையாயிற்று. 2014ஆம் ஆண்டுப் பருவத்தின் கடைசி ஆறு ஆட்டங்களையும், 2016இல் அவருடைய கடைசி ஆறு ஆட்டங்களையும் இலவச நிலையம் ஒன்றில் காட்ட ஏற்பாடாயிற்று. முதியோர் இல்லத்திலும் நோய்ப் படுக்கையிலும் இருந்தவர்களுக்கு இழந்த பருவங்களை எந்த உடன்பாடு திருப்பித் தரும்? கணக்கேட்டில் ஏறாத நட்டம் என்பது இதுவே.

அரசாங்கத்தார் வாளாவிருந்தனரா என்று நீங்கள் கேட்கலாம். 2014ஆம் ஆண்டில் நாட்டின் தகவல் தொடர்பு ஆணையத் தலைவர் தம் கவலையைத் தெரிவித்து டைம் வார்னர் கேபிள் நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினார். சட்டமன்ற உறுப்பினர் சிலர் நடுவர் தீர்ப்புக்கு விட்டுவிடலாம் என்று யோசனை கூறினர். டைம் வார்னர் இசைந்தது. டைரக்ட் டிவி இசையவில்லை. வேண்டுவோருக்கு மட்டும் தனியே விற்போம் என்ற தன் நிலையிலேயே அது நின்றது. 2016ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க நீதித்துறை டைரக்ட் டிவியின் மீது வழக்குத் தொடுத்தது. போட்டியாளர்களாக இருக்கவேண்டிய நிறுவனங்கள் தம்முள் இரகசியச் செய்திகளைப் பரிமாறிக்கொண்டன என்பது குற்றச்சாட்டு. ஒருவர் ஏற்றுக்கொண்டால், ஏற்காதவரின் சந்தாதாரர்கள் அவரிடம் ஓடிவிடுவர். எல்லாரும் ஏற்காமலிருந்தால் எவரும் ஓடமாட்டார். இந்த அச்சத்தைப் போக்கிக்கொள்ளவே அச்செய்திகள் பரிமாறப்பட்டன என்று நீதித்துறை கூறிற்று. 2017ஆம் ஆண்டு மார்ச்சில் அவ்வழக்குச் சமரசத்தில் முடிந்தது. இனி அத்தகைய பரிமாற்றம் செய்வதில்லை என்று உடன்பாடாயிற்று. ஆனால் அலைவரிசையை ஏற்கவேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் டைரக்ட் டிவி வீடுகளுக்கு டாட்ஜர்ஸ் ஆட்டம் வந்து சேர்ந்தது.

இவ்வளவு காலம் இரு தரப்பாரும் ஏன் இறங்கிவரவில்லை? மூன்று காரணங்களைக் கூறுவேன்.

முதலாவது, ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறும் ஒரு விதி. ஒரு விநியோக நிறுவனத்திற்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தால், அதே குறைந்த விலையை ஏற்கெனவே உடன்பட்ட மற்ற நிறுவனங்களுக்கும் கொடுக்கவேண்டும் என்பது அவ்விதி. எனவே அலைவரிசைக்காரர் ஒருவரிடம் ஒரு டாலர் இறங்கினால் எல்லாரிடமும் ஒரு டாலர் இறங்கியாக வேண்டும். பிடிவாதம் என்று வெளியார்க்குத் தோன்றுவது, உள்ளே கணக்காக இருக்கிறது.

இரண்டாவது, எத்தனை வீடுகளுக்குச் சேர்க்கவேண்டும் என்னும் நிபந்தனை. சந்தாதாரருள் மிகப் பெரும்பாலோருக்கு அலைவரிசை சென்றாக வேண்டும் என்று ஒப்பந்தம் வற்புறுத்தும். விலையைப் போலவே இந்த நிபந்தனையும் சண்டைக்கு வித்தாகும். 2024ஆம் ஆண்டு மே முதல் ஆகஸ்டு வரை காம்காஸ்ட் நிறுவனத்திற்கும் பேலி ஸ்போர்ட்ஸ் என்னும் அலைவரிசைகளுக்கும் இடையே ஏற்பட்ட முறிவு, இவ்வலைவரிசைகளை உயர்ந்த கட்டணத் தொகுப்பிற்கு மாற்றுவது பற்றியே எழுந்தது; அவ்வாறு மாற்றிக்கொள்ளும் உடன்பாட்டிலேயே முடிந்தது.

மூன்றாவது, வட்டாரத் தடை. பேஸ்பால் குழுக்கள் நாட்டைத் தமக்குள் வட்டாரங்களாகப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. எல்லாக் குழுக்களின் ஆட்டங்களையும் இணையத்தில் காணத் தனிச் சந்தா உண்டு. எனினும் தன் வட்டாரக் குழுவின் ஆட்டத்தை மட்டும் அச்சந்தாவில் காண இயலாதபடி நெடுங்காலம் தடை வைத்திருந்தனர். நாட்டின் கீழ்க்கோடியில் வாழ்பவர் டாட்ஜர்ஸ் ஆட்டத்தைக் காணலாம். அரங்கத்திற்கு அடுத்த தெருவில் வாழ்பவர் காண முடியாது. வட்டார அலைவரிசையின் விலையைக் காப்பதற்கு இட்ட வேலியே இது. வேலிக்குள் அகப்பட்டுக்கொண்டவர் விசுவாசமான ரசிகர்.

இச்சண்டையில் எல்லாரும் தோற்பதும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரத்தில், ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் குழுவும் ராக்கெட்ஸ் கூடைப்பந்துக் குழுவும் காம்காஸ்ட் நிறுவனமும் கூட்டாக 2012ஆம் ஆண்டில் ஓர் அலைவரிசையைத் தொடங்கின. பிற நிறுவனங்கள் அதன் விலையை ஏற்கவில்லை. வட்டார வீடுகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டிற்கே அது சென்றது. 2013ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆஸ்ட்ரோஸ் குழு 111 ஆட்டங்களில் தோற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு நாள், பார்வையாளரைக் கணக்கிடும் நிறுவனத்தின் மாதிரி வீடுகளுள் ஒன்றுகூட அக்குழுவின் ஆட்டத்தைப் பார்த்ததாகப் பதிவாகவில்லை. அதே மாதத்தில் அலைவரிசை திவால் நீதிமன்றத்தின் வாயிலுக்குச் சென்றது. 2014ஆம் ஆண்டில் கைமாறிற்று. ‘ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்’ என்பது நம் பழமொழி. கூத்தாடியும் கொட்டகைக்காரனும் இரண்டுபட்டால் ஊருக்குத் திண்டாட்டம் என்பதே இங்கு நாம் காணும் காட்சி.

சட்டம் எவ்வளவு தூரம் துணைசெய்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1992ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற கேபிள் சட்டம், கேபிள் நிறுவனங்கள் தமக்குச் சொந்தமான அலைவரிசைகளைப் போட்டியாளருக்குக் கொடாமல் பதுக்கிவைப்பதைத் தடுக்க முற்பட்டது. ஆனால் அது செயற்கைக்கோள் வழியே அனுப்பப்படும் அலைவரிசைகளுக்கே பொருந்தும்படி அமைந்துவிட்டது. பிலடெல்பியா நகரத்தில் 1997ஆம் ஆண்டில் தொடங்கிய காம்காஸ்ட் விளையாட்டு அலைவரிசை தரைவழிக் கம்பியிலேயே அனுப்பப்பட்டதால் சட்டத்தின் பிடியில் சிக்கவில்லை. செயற்கைக்கோள் சந்தாதாரருக்கு அது பல ஆண்டுகள் எட்டாக்கனியாயிற்று. அந்த ஓட்டையை ஆணையம் 2010ஆம் ஆண்டில் அடைத்தது. சட்டம் ஒரு வாசலை மூடும்போது வணிகம் சாளரத்தைத் தேடுவது உலக இயல்பு என்பதற்கு இஃது ஒரு சான்று.

இவ்வமைப்பு முழுவதும் ஓர் அடித்தளத்தின்மேல் நின்றது: ஏறக்குறைய எல்லா வீடுகளும் தொகுப்புச் சந்தா செலுத்தும் என்பதே அவ்வடித்தளம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் சுமார் 10 கோடி வீடுகள் அவ்வாறு செலுத்தின. விலை ஏற ஏற, இணையம் வழியே குறைந்த விலைக்குப் படங்களும் நாடகங்களும் கிடைக்கக் கிடைக்க, கோடிக்கணக்கான வீடுகள் தொகுப்பை விட்டு வெளியேறின. முதலில் வெளியேறியவர் யார்? விளையாட்டைப் பாராமலே அதற்காகப் பணம் செலுத்திவந்தவர்கள்தாம். நம் கற்பனைக் கணக்கின் 8 லட்சம் வீடுகளை நினைவுகூருங்கள். அவர்கள் செலுத்திய காசின்மேல்தான் கோபுரம் எழுப்பப்பட்டிருந்தது.

2019ஆம் ஆண்டில் சிங்க்ளேர் என்னும் நிறுவனம் 21 வட்டார விளையாட்டு அலைவரிசைகளை ஏறத்தாழ 1,060 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. அதன் பெரும்பகுதி கடன். அவ்வாண்டு ஜூலையிலேயே டிஷ் நிறுவனம் அவ்வலைவரிசைகளைக் கைவிட்டுவிட்டது. வருவாய் குறைந்தது, கடன் குறையவில்லை. அவற்றை நடத்திய டயமண்ட் நிறுவனம் 2023ஆம் ஆண்டு மார்ச்சில், சுமார் 800 கோடி டாலர் கடனோடு, திவால் பாதுகாப்புக் கோரியது. அவ்வாண்டு மே இறுதியில் சான் டியேகோ நகரத்துப் பாட்ரேஸ் குழுவிற்குரிய தொகையைச் செலுத்தாமல் ஒளிபரப்பை அது கைவிடவே, பேஸ்பால் கழகமே அப்பொறுப்பை ஏற்று, கேபிளிலும் இணையத்திலும் ஆட்டங்களைக் கிடைக்கச் செய்தது. அதுவரை சுமார் 11 லட்சம் வீடுகளுக்கு எட்டிய ஆட்டம், அதன்பின் 32 லட்சம் வீடுகளுக்கு எட்டக்கூடியதாயிற்று என்று கழகம் அறிவித்தது. ஆனால் ஒப்பந்தத்தின்படி குழுவிற்குக் கிடைத்திருக்க வேண்டிய தொகை முழுவதையும் ஈடுசெய்யக் கழகம் முன்வரவில்லை. எண்பது விழுக்காட்டிற்கே உறுதியளித்தது. பார்ப்பவர் கூடினர், பணம் குறைந்தது. அதே 2023ஆம் ஆண்டில் பீனிக்ஸ் நகரத்துச் சன்ஸ் என்னும் கூடைப்பந்துக் குழு தன் ஆட்டங்களை இலவசத் தொலைக்காட்சிக்கே கொண்டுசென்றது. ஐம்பதாண்டுச் சுற்றுக்குப் பிறகு, ஆட்டம் புறப்பட்ட இடத்திற்கே திரும்பியது போலாயிற்று.

நம் நாடு இவ்வினாவை வேறொரு வழியில் அணுகியது. ஒலி, ஒளி அலைகள் செல்லும் வான்வெளி பொதுச் சொத்து என்று 1995ஆம் ஆண்டில் நமது உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. அவ்வழக்கும் கிரிக்கெட் ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பற்றி எழுந்ததேயாகும். 2007ஆம் ஆண்டில் நம் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, நாட்டுச் சிறப்பு வாய்ந்தவை என்று அறிவிக்கப்பெறும் ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் அலைவரிசைகள் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். தொலைக்காட்சி விளம்பர வருவாயை, உரிமையாளருக்கு 75 பங்கும் பிரசார் பாரதிக்கு 25 பங்குமாகப் பிரித்துக்கொள்ள அச்சட்டம் வகைசெய்கிறது. இதனிலும் குறைகள் உண்டு. விலைகொடுத்து உரிமை பெற்றவர் இதனைத் தம் சொத்தில் கைவைப்பதாகக் கருதியதும் உண்டு. எனினும், பேரம் முறிந்தாலும் ஏழை வீட்டுத் திரை இருண்டுவிடலாகாது என்னும் கொள்கை அதில் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவிலோ வட்டார ஆட்டங்களைப் பொறுத்தவரை, சந்தையே தீர்மானிக்கட்டும் என்னும் கொள்கை மேலோங்கி நின்றது.

மாணவ நேயர்களே, இவ்விரு கொள்கைகளுள் எது சிறந்தது என்று நான் தீர்ப்புக் கூற முற்படவில்லை. ஆட்டக்காரருக்கு நல்ல ஊதியம் கிடைக்கவேண்டும் என்பது நியாயம். பாராத ஆட்டத்திற்குப் பணம் கேளாதீர் என்று ஒரு வீட்டுக்காரர் சொல்வதும் நியாயம். தன் ஊரின் பெயரைத் தாங்கி ஆடும் குழுவைத் தன் வீட்டிலிருந்தே காணவேண்டும் என்று இன்னொருவர் விரும்புவதும் நியாயமே. இம்மூன்று நியாயங்களையும் ஒரே விலையில் அடக்க முயன்றதால் விளைந்த முடிச்சுகளைத்தான் இதுவரை பார்த்தோம்.

ஒன்றை மட்டும் நீங்கள் மனத்திற் கொள்ளவேண்டும் என்று விரும்புகிறேன். உடன்பாட்டு மேசையைச் சுற்றி அலைவரிசையின் வழக்கறிஞர் அமர்ந்திருந்தார்; விநியோக நிறுவனத்தின் கணக்கரும் அமர்ந்திருந்தார். மாதந்தோறும் பணம் செலுத்தியவருக்கு அங்கே நாற்காலி இல்லை. நாளை நீங்கள் வழக்கறிஞராகலாம், வணிகராகலாம், ஆட்சிப் பொறுப்பிலும் அமரலாம். எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட நேர்ந்தாலும், அந்த அறையில் இல்லாத ஒருவர் அதற்காக என்ன விலை கொடுக்கப்போகிறார் என்று ஒரு முறை கேட்டுக்கொண்டு, பிறகு பேனாவை எடுங்கள்.